எடை ஏறவில்லை, நாடா மட்டும் எட்டவில்லை

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் இருக்கும் என் மதினி சுளகை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது அபூர்வம். காலை நீட்டி, இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, நாளொன்றுக்கு ஆயிரம் பீடி. வயது 49. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. எடை பார்க்கும் இயந்திரம் மூன்று வருடமாக அதே 62 கிலோவைத்தான் காட்டுகிறது. ஆனால் உள்பாவாடை நாடா முடிச்சுப் போட எட்டவில்லை. ரவிக்கை தைக்கும் அக்காவோ இந்த முறை கையை அரை அங்குலம் பிடித்துத் தைத்திருக்கிறார். இடுப்பு பெருத்தது, கை சிறுத்தது, எடை மாறவில்லை.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு கிலோ தசை போய் ஒரு கிலோ கொழுப்பு வந்தால் முள் அசையாது. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கி, பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வு இதைத்தான் கண்டது. மாதவிடாய் முறை தவறத் தொடங்கும் காலத்தில் கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, தசை கரையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே இந்த மாற்றம் ஓய்கிறது. உடல் எடையோ, வயது கூடக்கூட ஏறும் அதே சீரில்தான் ஏறுகிறது.

சேரும் கொழுப்பு ஏன் வயிற்றைத் தேடிப் போகிறது? சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மிஞ்சும் கொழுப்பைத் தொடையிலும் பிட்டத்திலும் தேக்கி வைக்கும். பிள்ளைப்பேற்றுக்கும் பாலூட்டுவதற்கும் வேண்டிய சேமிப்பு அது. பெரிதாகத் தொல்லை தராத கொழுப்பும்கூட. ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் அந்த மடை அடைபடுகிறது. கொழுப்பு குடலைச் சுற்றி, வயிற்றின் உள்ளே தேங்குகிறது. அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் கலக்கின்றன. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்க மறுக்கிறது. சர்க்கரை நோய் வீட்டுக்குள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, நடு இரவில் உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்துத் தூக்கம் கெட்டால், மறுநாள் பசி கூடும். இனிப்பின் மேல் கை போகும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வற்றுவது படிப்படியாக அல்ல, ஒரே மூச்சில் நடக்கிறது.

“வயதானால் உடம்பு எரிப்பதை நிறுத்திவிடும்” என்று மதினி சொல்வார். பாதிதான் உண்மை. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று, பிறந்த குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்தது. உடல் அளவையும் தசை முதலியவற்றின் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. அடுப்பு அணையவில்லை; அடுப்பின் அளவுதான் சிறுத்துவிட்டது. அந்த அடுப்பு தசை.

ஆகவே, இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது. பட்டினியால் குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு, கொழுப்பல்லாத திசுவிலிருந்து போகிறது. எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே விற்றுச் சாப்பிடுகிற கதை.

நம் சமையலில் இதற்கு மருந்து இருக்கிறது, அளவுதான் தலைகீழ். பெண் பெரியவளானதும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். மாதவிடாய் நிற்கும்போது யாரும் எதையும் கிண்டுவதில்லை. களியின் இனிப்பும் எண்ணெயும் இந்த வயதுக்கு வேண்டாம், உளுந்து வேண்டும். வேகாத உளுந்து நூறு கிராமில் சுமார் 24 கிராம் புரதம். வேகாத அரிசி நூறு கிராமில் ஏழெட்டு கிராம்தான் தேறும். 62 கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராமாவது புரதம் வேண்டும். எங்கள் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு கறுப்பு உளுந்து. இப்போது சரிக்குச் சரி போடுகிறோம். கொஞ்சம் கொழகொழக்கிறது, எள்ளுத் துவையல் அதைச் சமாளித்துவிடுகிறது. கூடவே ஒரு முட்டையோ இரண்டு சாளை மீனோ. தேங்காய்ப்பால் சொதியை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. விருந்துக்கு விருந்து மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்ட புரதம் தசையாக நிற்க வேண்டுமானால் தசைக்குச் சுமை வேண்டும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிற பெண்கள் செய்வது நல்ல காரியம், இதயத்துக்கு நல்லது. ஆனால் நடை மட்டும் கையையும் தோளையும் வளர்க்காது. தாமிரபரணியில் 12 லிட்டர் குடத்தை மொண்டு இடுப்பில் ஏற்றிய ஆச்சி, ஒவ்வொரு நடைக்கும் 12 கிலோ தூக்கினாள். குழாய் வந்தது நல்லதுதான். அந்தப் பளு போய்விட்டது.

மாதவிடாய் நின்றுபோன பிறகு ஒரு வருடம் கழித்து மீண்டும் ரத்தம் பட்டால் எடைக் கவலையெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். காரணமில்லாமல் எடை வேகமாக ஏறினால் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

மதினிக்கு அளவுநாடாதான் வாங்கிக் கொடுத்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு எல்லை 80 சென்டிமீட்டர். அவருக்கு 91.

“முட்டு வலிக்கிறதே, எங்கே பளுத் தூக்க?” என்றார். திண்ணையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காரச் சொன்னேன். கட்டுக்கு 25 பீடி. ஆயிரத்துக்கு 40 கட்டு. நான்கு கட்டு முடிந்ததும் சுளகை இறக்கி வைத்துப் பத்து முறை. முதல் நாள் மூன்றாவது தடவையே தூணைப் பிடித்துவிட்டார். போன வாரம் தொலைபேசியில், ஒரு நாளைக்கு எழுபது வரை வந்திருப்பதாகவும், அதனால் ஐம்பது பீடி குறைந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தக் கூலியை நான் தர வேண்டுமாம்.