ஒரு வெற்றி என்ன விலை?

"ஒரே ஒரு பேஸ்பால் வீரருக்கு 70 கோடி டாலரா? எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓடானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் போட்ட பத்தாண்டு ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறார்.

முதலில் அந்தத் தொகையைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். ஆடுகிற பத்தாண்டும் ஓடானி கையில் வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். ஒவ்வோர் ஆண்டின் மிச்சம் 6.8 கோடியும் பத்தாண்டு கழித்து, வட்டியில்லாமல் வரும். பள்ளியில் படித்த கூட்டு வட்டியை 4.43 சதவீதத்தில் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: 6.8 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 4.4 கோடி. ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 கோடி டாலர். சம்பளத்தில் வரம்பு மீறும் அணிகளுக்கு லீக் போடும் வரியின் கணக்கிலும் இதுவே அவர் விலை.

சரி, இந்த 4.6 கோடி எங்கிருந்து வந்தது?

அணிகள் உண்மையில் வாங்குவது வெற்றிகளை. ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) சராசரியாக 1.4 ரன் பெறும், ஒரு வாக் (நான்கு தவறான பந்துகள் வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) 0.3 ரன். பருவம் முழுக்கக் கூடுதலாகப் பத்து ரன் சேர்த்தால் தோராயமாக ஒரு வெற்றி கூடும். இதுவரை வெறும் கூட்டல்தான்.

எதிலிருந்து கூட்டத் தொடங்குவது என்பதில்தான் சுவாரசியம். பூஜ்யத்திலிருந்தா? மோசமான அணிகூடச் சில ஆட்டங்களை வெல்லும். சராசரியிலிருந்தா? சராசரி வீரர் சும்மா கிடைப்பதில்லை. வழக்கமான டிரைவர் வராவிட்டால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம், வண்டி எப்படியோ ஊர் போய்ச் சேர்கிறது. நம் டிரைவரின் மதிப்பு அதற்கு மேல் அவர் செய்வது மட்டும்தான். பேஸ்பாலில் அந்த ஆக்டிங் டிரைவர், மைனர் லீக்கிலிருந்து (பெரிய லீக்குக்குக் கீழே உள்ள அடுக்கு) குறைந்தபட்சச் சம்பளத்துக்கு (2024இல் 7,40,000 டாலர்) எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற மாற்று வீரர்.

அப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்து அணி அமைத்தால் 162 ஆட்டங்களில் சுமார் 48 வெல்லும் என்று வைத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 30 அணிகள், 2,430 ஆட்டங்கள், அதாவது 2,430 வெற்றிகள். மாற்று வீரர்களே ஆடினாலும் (அணிக்குச் சுமார் 48 வீதம்) கிடைத்திருக்கும் ஏறத்தாழ 1,430ஐக் கழித்தால் மிச்சம் 1,000 வெற்றி. லீக்கின் அத்தனை திறமையும் இந்த ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது! அதைத்தான் மட்டையாளர்களுக்கும் பிட்சர்களுக்கும் (பந்து வீசுபவர்கள்) பங்கு பிரிக்கிறார்கள். இதில் ராசியான ஆள், நெருக்கடியில் அடிப்பவர் என்பதற்கெல்லாம் தனிப் பங்கு கிடையாது. அந்த நம்பிக்கைக்குக் கோடிகளைக் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. என்னைக் கேட்டால் அது ஜாதகம் பார்த்து ஆள் எடுப்பதற்குச் சமம்.

சந்தையில் அண்மைக் காலத்தில் ஒரு வெற்றி 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி டாலர் வரை போகிறது. 90 லட்சம் என்று வைத்தால் 4.6 கோடிக்கு ஆண்டுக்கு ஐந்து வெற்றி வேண்டும். அடிக்கவும் பந்து வீசவும் தெரிந்த ஓடானிக்கு அது எட்டாத உயரம் இல்லை.

ஆனால் உடம்பு தேயும். முப்பதுக்குப் பிறகு ஆண்டுக்கு அரை வெற்றி குறையும் என்பது பொதுவான கணிப்பு. 5, 4.5, 4, 3.5, 3 என்று ஐந்தாண்டைக் கூட்டினால் 20 வெற்றி, 18 கோடி டாலர். ஆல்பர்ட் புஹோல்ஸை 2011இல் 31 வயதில் ஏஞ்சல்ஸ் அணி பத்தாண்டுக்கு 24 கோடி கொடுத்து எடுத்தது. கடைசி ஆண்டு முடியும் முன்பே, 2021 மே மாதம் அனுப்பிவிட்டது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் அணி 15 ஆண்டுக்கு 76.5 கோடி கொடுத்ததில் பெரும்பங்கு அவருடைய 26 வயதுக்கான விலை. ஆறு ஆண்டு லீக்கில் ஆடி முடித்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் பேரம் பேசக்கூடியவர்) ஆகிச் சந்தைக்கு வர முடியும் என்பதால், பெரும்பாலானோர் நல்ல காலத்தைக் குறைந்த கூலிக்கு ஆடிவிட்டே வருகிறார்கள். இது அநியாயம் என்பது என் கட்சி.

இன்னொரு பொறி ஏலத்திலேயே இருக்கிறது. பத்து அணிகள் ஒரே வீரரைக் கணித்தால் சில கூடும், சில குறையும். வீரர் போவது மிக அதிகமாகக் கணித்த அணிக்கு, அதாவது பெரும்பாலும் உண்மை மதிப்பை மீறிக் கொடுக்கிற அணிக்கு. 1971இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களில் இதே விஷயத்தைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் சொன்ன வழி எளிது: போட்டியாளர்கள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, அத்தனைக்கத்தனை நீ ஏலத்தில் கேட்கும் தொகையைக் குறை. ஆனால் ரசிகர்கள் வாசலில் நின்று கத்தும்போது எந்த முதலாளிக்கு அது முடிகிறது?