ஒரு காலகட்டம் எந்தப் பாறையில் தொடங்குகிறது?

ஜப்பானின் சிபா பகுதியில் யோரோ ஆற்றங்கரையில் உயரமான, செங்குத்தான மண்மேடு ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் படிந்து, பிறகு மேலெழுந்த வண்டல் அது. அதன் நடுவே வெளிர் நிறத்தில் மெல்லிய சாம்பல் கீற்று ஓடுகிறது. ஒன்டகே எரிமலை கக்கிய சாம்பல். பூமியின் வரலாற்றை நிலவியலாளர்கள் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்; அவற்றில் ஒன்றான 'சிபானியன்' அந்தக் கீற்றின் அடிமட்டத்தில்தான் தொடங்குகிறது. இன்றைக்குச் சுமார் 7,74,000 ஆண்டுகளுக்கு முன். உலகம் முழுவதற்கும் இதுவே தொடக்கப்புள்ளி.

சரி, ஜப்பானில் விழுந்த சாம்பலை வைத்து அர்ஜென்டினாவில் இருப்பவர் அதே காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்கு வேறொரு தடயம் உண்டு. சாம்பலுக்குச் சுமார் ஒரு மீட்டர் மேலே, பூமியின் காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பிய பதிவு இருக்கிறது. அதற்கு முன்பு, இன்றைய திசைகாட்டியை வைத்திருந்தால் முள் தெற்கைக் காட்டியிருக்கும். வண்டலிலுள்ள நுண்ணிய காந்தக் கனிமங்கள் படியும்போது அந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கின்றன. காந்தப்புலம் திரும்பியது உலகுக்கே பொது என்பதால், எந்த நாட்டுப் படிவிலும் அதைத் தேடலாம். சாம்பலிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களோ, அவற்றிலுள்ள யுரேனியம் மெல்லச் சிதைவதை வைத்து, ஆண்டுக் கணக்கைத் தருகின்றன.

இப்படிக் குறிக்கும் இடத்தை 'தங்க ஆணி' என்பார்கள். ஆணி அடிப்பது கட்டத்தின் அடியில் மட்டும்தான். அதன் முடிவுக்குத் தனி ஆணி கிடையாது; அடுத்த கட்டம் தொடங்கும் இடமே முந்தையதன் முடிவு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. முன்பு ஒவ்வொரு கட்டத்தையும் ஏதோ ஓர் ஊரின் பாறைத் தொகுதியை வைத்து வரையறுத்தார்கள். ஓர் ஊர்ப் பாறையின் உச்சியும் இன்னோர் ஊர்ப் பாறையின் அடியும் எப்படிப் பொருந்தும்? நடுவே சில லட்சம் ஆண்டுகள் விட்டுப்போகும், இல்லையென்றால் இரண்டு முறை எண்ணப்படும்.

பெயர் ஓரிடத்திலும் ஆணி வேறிடத்திலும் இருப்பதும் உண்டு. டைனோசர்கள் அழிந்ததும் தொடங்கும் 'டேனியன்' டென்மார்க்கின் பெயரைத் தாங்கியது. ஆனால் அதன் ஆணி துனிசியாவின் எல் கெஃப் என்ற இடத்தில், விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியம் என்ற உலோகம் செறிந்த மெல்லிய துருநிறப் படலத்தின் அடியில் இருக்கிறது. விண்கல் மோதலின் தூசு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே படிந்தது.

ஆணி எங்கே என்பதை வாக்கெடுப்புதான் தீர்மானிக்கிறது. முதலில் பணிக்குழு, அப்புறம் துணைக்குழு, அதற்கு மேல் சர்வதேசப் படிவியல் ஆணையம். ஒவ்வொரு படியிலும் 60 சதவீத ஆதரவு தேவை. கடைசியில் சர்வதேச நிலவியல் ஒன்றியம் ஒப்புதல் தர வேண்டும். சிபாவோடு இத்தாலியின் இரண்டு இடங்கள் போட்டியிட்டன. 2020 ஜனவரியில் சிபாவுக்கு ஒப்புதல் கிடைத்தது.

நாம் வாழும் கட்டத்தின் பெயரே மேகாலயன். 2018இல் ஏற்கப்பட்ட அதன் ஆணி, மேகாலயாவின் மவ்ம்லூ குகையில் தரையிலிருந்து வளர்ந்த சுண்ணாம்புத் தூண் ஒன்றில் இருக்கிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமானதை, அந்தத் தூணிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம் காட்டுகிறது.

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்திலோ சில கட்டங்களுக்கு ஆணியும் இல்லை, பெயரும் இல்லை. காலவரிசை அட்டவணையில் அவை இன்னும் 'இரண்டாம் கட்டம்', 'மூன்றாம் கட்டம்' என வெறும் எண்களாகவே இருக்கின்றன.