பூமி ஓடுகிறதா? புகைபோக்கியில் கட்டிய தொலைநோக்கி சொன்ன பதில்

கோப்பர்நிக்கஸ் 1543-இல் புத்தகம் போட்டார், தேவாலயம் எதிர்த்தது, கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தார், பூமிதான் சுற்றுகிறது என்று முடிவாகிவிட்டது. பள்ளியில் நமக்குச் சொன்ன கதை இவ்வளவுதான். ஆனால் பூமி ஓடுகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது 1729-இல், அதுவும் வேறு ஒன்றைத் தேடப் போய்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பைபிளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இல்லை. தொலைநோக்கி வருவதற்கு முன்பே வானத்தை அளந்த டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே கேட்டது நல்ல கேள்வி. பூமி அவ்வளவு பெரிய வட்டத்தில் சுற்றுகிறது என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் வட்டத்தின் எதிர் ஓரத்துக்குப் போய்விடுகிறோம் (இன்றைய கணக்கில் 30 கோடி கிலோமீட்டர்), அப்படியானால் விண்மீன்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டாமா? இதற்குத்தான் இடமாறு தோற்றம் என்று பெயர். டைக்கோவின் கருவிகள் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்டக்கூடியவை. தேடினார், ஒன்றும் அசையவில்லை. ஒன்று விண்மீன்கள் நம்பவே முடியாத தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூமி நிற்க வேண்டும். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை.

அப்புறம் தொலைநோக்கி வந்தது. 1725-இல் லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில், வானியல் ஆர்வலர் சாமுவேல் மாலினோ இந்த இடமாறு தோற்றத்தைப் பிடிக்கத் தன் வீட்டுப் புகைபோக்கியோடு சேர்த்து 24 அடி நீளத் தொலைநோக்கி ஒன்றைச் செங்குத்தாகக் கட்டினார். கருவியைச் செய்து கொடுத்தவர் கடிகாரங்களுக்குப் பேர்போன ஜார்ஜ் கிரஹாம், கூட நின்று பார்த்தவர் வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி. குழாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு தூக்குக்குண்டு, நுணுக்கமாகத் திருப்ப ஒரு திருகு. பார்த்தது காமா டிராகோனிஸ் என்ற ஒரே விண்மீனை, ஏனென்றால் அது லண்டனில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே கடக்கும். சாய்வாகப் பார்த்தால் காற்றுமண்டலம் ஒளியை வளைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும், நேர் மேலே பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

இடமாறு தோற்றம் இருந்தால் அந்த விண்மீன் டிசம்பரில் தெற்கு எல்லையில் இருக்க வேண்டும், அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். டிசம்பர் 17 அன்று பிராட்லி பார்த்தபோது அது இன்னும் தெற்கே போயிருந்தது. கருவியைச் சந்தேகப்பட்டார்கள், சோதித்தார்கள், கருவியில் கோளாறு இல்லை. விண்மீன் மார்ச் வரை தெற்கே போய் நின்றது, ஜூனில் பழைய இடத்துக்கு வந்தது, செப்டம்பரில் வடக்கு எல்லையைத் தொட்டது. மொத்த ஆட்டம் சுமார் 40 விகலை (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை), முழு நிலவின் அகலத்தில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆட்டம் உண்மை, ஆனால் எதிர்பார்த்ததற்கு மூன்று மாதம் தள்ளி நடக்கிறது.

பூமியின் அச்சு ஆடுகிறதோ என்று பார்த்தார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. (அச்சு கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. அதையும் பிராட்லியே 1748-இல் அறிவித்தார், மனுஷன் விடவில்லை.) 1728-இல் தேம்ஸ் நதியில் படகில் போகும்போது, படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்மர உச்சியில் இருந்த காற்றுத்திசைகாட்டியும் திரும்புவதைக் கவனித்தார், காற்று என்னவோ மாறவில்லை, அங்கேதான் விடை பிடிபட்டது என்று ஒரு கதை உண்டு. இது பின்னால் வந்தவர்கள் எழுதியது, எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் விருப்பம்.

விடை இதுதான். நேராகக் கொட்டும் மழையில் பைக்கில் போனால் துளிகள் முகத்தில் வந்து அடிக்குமே, ஒளியும் அப்படித்தான். அந்த 24 அடிக் குழாயின் மேல் முனையில் நுழைந்த ஒளி கீழ் முனைக்கு வர ஒரு விநாடியின் நூறு கோடியில் 24 பங்கு நேரம் எடுக்கிறது. அதற்குள் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பூமி, குழாயை 0.7 மில்லிமீட்டர் நகர்த்திவிடுகிறது. ஒளி குழாயின் நடுவிலேயே இறங்க வேண்டுமானால் மேல் முனையை அந்த 0.7 மில்லிமீட்டர் அளவுக்கு ஓடும் திசையில் சாய்த்துத்தான் ஆக வேண்டும். பூமியின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதைக் கோணமாக்கினால் 20 விகலைக்குக் கொஞ்சம் மேல்.

மூன்று மாதக் குழப்பமும் இதில் தீர்ந்துவிடுகிறது. இடமாறு தோற்றம் பூமி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, இதுவோ எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வட்டத்தில் ஓடும் எதற்கும் வேகத்தின் திசை, அது இருக்கும் இடத்தின் திசைக்குச் செங்குத்து, அதாவது கால் சுற்று வித்தியாசம், அதாவது மூன்று மாதம். இன்னொன்று, இதற்கு விண்மீனின் தூரம் ஒரு பொருட்டே இல்லை, பக்கத்தில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் ஆட்டத்தின் அளவு ஒன்றுதான்.

பூமி நின்றுகொண்டிருந்தால் இந்த ஆட்டமே இருக்காது. கூடவே சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 12 விநாடி ஆகும் என்றும் பிராட்லி கணக்குப் போட்டார். இன்றைய அளவு 8 நிமிடம் 19 விநாடி!

தேடிப் போன இடமாறு தோற்றம் 1838 வரை கையில் அகப்படவில்லை. அந்த வருடம்தான் ஜெர்மன் வானியலாளர் பெசல், 61 சிக்னி என்ற விண்மீனுக்கு 0.31 விகலை என்று அளந்து அறிவித்தார். கியூவில் பார்த்த காமா டிராகோனிஸுக்கு அது சுமார் 0.02 விகலைதான். விண்மீன் 150 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, அந்தப் புகைபோக்கியில் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் அது சிக்கியிருக்காது.