அக்டோபரில் வாங்கி ஜனவரியில் முழிப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தீபாவளித் தோரணத்தை இன்னும் இறக்கவில்லை. அதற்குள் பக்கத்துக் கண்ணாடியில் கிறிஸ்துமஸ் மரமும் பஞ்சுப் பனியும் ஏறிவிட்டன. பனியே விழாத ஊரில் பனிக்கால மலிவு விற்பனை! சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் குடும்பங்களின் கடன் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். கடைகளின் இந்த அவசரம், பிப்ரவரி வாக்கில் தாள் கட்டுகளாக என் மேசைக்கு வந்து சேருகிறது.

பருவத்தை முன்னே இழுப்பது வணிகர்களின் பழைய ஆசை. அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் கழிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் என்பது வழக்கம். 1939இல் அந்த நாள் நவம்பர் 30இல் விழ இருந்தது. விற்பனைக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட்டதால், அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941இல் சட்டம் போட்ட பிறகே அந்தக் கூத்து ஓய்ந்தது. இன்று அதிபரிடம் போக வேண்டியதில்லை, ஒரு விளம்பரத் தாள் போதும்.

மாதம் தவறாமல் ஒரே சம்பளம் வாங்குகிறவருக்கு இது வெறும் எரிச்சல். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்குக் கதை வேறு. அவருடைய கையிருப்பு, வெட்டிய டன் கணக்கோடு ஏறி இறங்கும். பொதுவாக செப்டம்பர், அக்டோபரில் காய்ப்பு உச்சத்தில் இருக்கும். நவம்பருக்குப் பிறகு குலை குறையும், ஜனவரி, பிப்ரவரியில் அடிமட்டத்துக்கு வரும். பால்மரக்காரர்கள் பாடு இன்னும் மோசம்: காலையில் மழை பிடித்தால் அன்று ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. ஆக, சம்பளச் சீட்டு கொழுத்திருக்கும் மாதத்தில் கடை கூப்பிடுகிறது. தவணை கழுத்தைப் பிடிப்பதோ சீட்டு மெலியும் மாதத்தில்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). காய்ப்பு இல்லாத மாதத்தில் பலருடைய சம்பளம் அதை ஒட்டித்தான் நிற்கிறது. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, முதலிலேயே போய்விடும். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிச் சந்தாவும் கழிந்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500.

இப்போது ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலைச்சீட்டைப் பாருங்கள். '115 வெள்ளி' என்பது உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில் இருக்கும். '24 மாதம்' என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். ரொக்க விலை 1,899 என்று இன்னொரு மூலையில். பெருக்கினால் 2,760, கூடுதலாகப் போவது 861 வெள்ளி. "மாதம் 115தானே ஐயா" என்று என்னிடம் சொல்லாதவர்களே குறைவு. அந்த 115க்குப் பக்கத்தில் தீபாவளிக்கு எடுத்த கைப்பேசித் தவணையும் மோட்டார் சைக்கிள் தவணையும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் விளம்பரம், 'இப்போது எடுத்துச் செல்லுங்கள், ஜனவரியில் கட்டத் தொடங்குங்கள்' என்பது. சலுகை போலத் தெரிகிறது. காய்ப்பு இல்லாத மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது போலவும் இருக்கிறது. 2026இலிருந்து பள்ளித் தொடக்கமும் ஜனவரிக்கே திரும்பிவிட்டதால், சீருடை, சப்பாத்து, பஸ் கட்டணம் எல்லாவற்றுக்கும் அதே சம்பளத்தில்தான் வெட்டு விழும்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், வீட்டுக்கு ஒரு நல்ல பொருள் வேண்டும்தான். அக்டோபர் சம்பளத்தில் மிஞ்சுவதை ஒதுக்கி ரொக்கமாக வாங்குங்கள். மலிவு விற்பனை ஓடிவிடாது, முன்னதாகத் தொடங்கியவர்கள் பின்னாலும் இழுத்துக்கொண்டுதான் போவார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், முதல் தவணை தவறும் முன்பே கடையிடம் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் அபராதத்தோடு சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். வங்கிக் கடனும் சேர்ந்து நெருக்கினால், கடன் ஆலோசனை சொல்லும் ஏகேபிகே இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அந்த நிறுவனம் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. எங்கே போனாலும் போன ஆண்டு டிசம்பர், ஜனவரி சம்பளச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். அக்டோபர் சீட்டை மட்டும் நீட்டினால் யாரும் தப்பான கணக்கைத்தான் போட்டுத் தருவார்கள்.