இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி: தோட்டத்துப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில், பிள்ளை தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்குப் போனதும் பெற்றோர் விசாரிப்பதெல்லாம் மலாய் மொழி, கணிதம், டியூஷன் பற்றித்தான். கால அட்டவணையில் பி.ஜே. (உடற்கல்வி), பி.கே. (நலக்கல்வி) என்று போட்டிருக்கும் கட்டங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவை விளையாடிக் கழிக்கும் நேரமில்லை. கணிதம், அறிவியலைப் போலவே கட்டாயப் பாடம்.

இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் உடற்கல்வியும் நலக்கல்வியும் சேர்ந்து ஒரே பாடம். ஆண்டுக்குக் குறைந்தது 64 மணி நேரம் ஒதுக்க வேண்டும்: உடற்கல்விக்கு 48, நலக்கல்விக்கு 16. ஓட்டம், ஜிம்னாஸ்டிக், பந்து விளையாட்டுகள், உடல் உறுதிப் பயிற்சி எல்லாம் முதல் பகுதியில் வரும். இரண்டாவது பகுதியில் உணவு, முதலுதவி, போதைப்பொருள், வயதுக்கு வரும்போது உடலில் நடக்கும் மாற்றம், யாராவது தப்பான முறையில் தொட்டால் என்ன செய்வது போன்றவை வரும். வீட்டில் நாம் பேசத் தயங்குகிற விஷயங்கள் இவை. பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை இருக்கிறதென்றால் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்தப் பாடத்துக்கு, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வு கிடையாது. ஆசிரியர்தான் வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவார். தேர்வு இல்லாததால்தான் இந்த நேரத்தை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் வருகிறது, அதுவும் படிவம் 5-இல். படிப்புக்குத்தானே என்று பெற்றோரும் பேசாமல் இருந்துவிடுகிறோம். அது சரியில்லை. உங்கள் பிள்ளை திடலுக்கே போவதில்லை என்று தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது செகாக். தேசிய உடலுறுதிச் சோதனையின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் இது. தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலிருந்து படிவம் 5 வரை, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். தமிழ்ப்பள்ளியிலேயே பிள்ளை இதைச் செய்திருப்பான். மொத்தம் நான்கு சோதனைகள். முதலில் மூன்று நிமிடம் பெட்டியில் ஏறி இறங்க வேண்டும். தாளக்கருவி டிக் டிக் என்று அடிக்க, அந்தத் தாளம் தப்பாமல் கால் வைக்க வேண்டும். முடிந்ததும் உட்காரவைத்து நாடித்துடிப்பை எண்ணுவார்கள். இருதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு நல்ல புள்ளி. அப்புறம் ஒரு நிமிடம் தண்டால். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எளிதாக்கிய முறை. பிறகு ஒரு நிமிடம், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி. கடைசியாகக் காலை நீட்டி உட்கார்ந்து, கை விரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 புள்ளி, மொத்தம் 20. வயதுக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப அளவு மாறும்.

கூடவே உயரம், எடை பார்த்து உடல் எடைக் குறியீட்டையும் எழுதுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளையை "குண்டு", "குச்சி" என்று சொல்லிவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளின் எண்ணை வயதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று பார்த்தால் போதும். இரண்டு முறையும் செகாக் புள்ளி இறங்கியிருந்தால், சாப்பாடு, தூக்கம், கைப்பேசி நேரம் மூன்றையும் கவனியுங்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு போன்றவை இருந்தால் ஆண்டுத் தொடக்கத்திலேயே கிளினிக்கில் மருத்துவக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இனி புறப்பாடம். இது உடற்கல்விப் பாடத்திலிருந்து வேறு. ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு ஆகிய மூன்றிலும் சேர வேண்டும். 2011-இல் வந்த 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கைப்படி, பள்ளி அணிக்குத் தேர்வாகாத பிள்ளைக்கும் ஒரு விளையாட்டில் இடம் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, மீதி 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. நல்ல துறைகளில் அரைப் புள்ளி, கால் புள்ளியில் இடம் கை நழுவும் நிலையில் இந்தப் பத்து சின்ன விஷயமில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் அடிபடுவது இங்கேதான். புறப்பாடம் பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் மதியத்தில் நடக்கும். பள்ளி விட்டதும் தோட்டத்துக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் வீடு போய்ச் சேர வழியில்லை. அம்மா செம்பனைக் காட்டிலும் அப்பா ஃபேக்டரி ஷிஃப்டிலும் இருந்தால் யார் போய் ஏற்றி வருவது? பிள்ளை பஸ் ஏறி வந்துவிடுகிறது, வருகைப் பதிவு குறைகிறது. வருகை, வகித்த பொறுப்பு, கலந்துகொண்ட போட்டியின் நிலை, அடைந்த வெற்றி என்று புள்ளிகள் போடுகிறார்கள். இவற்றில் திறமையே இல்லாவிட்டாலும் கிடைக்கக்கூடியது வருகைப் புள்ளி ஒன்றுதான். அதையும் போக்குவரத்துக்காக இழப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. ஒரே தோட்டத்திலிருந்து வரும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து பஸ்காரரிடம் பேசி, அந்த ஒரு நாள் மட்டும் மாலையில் இரண்டாம் நடை ஓட்டச் சொல்லலாம். செலவைப் பங்குபோட்டால் தாங்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில், தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் பிரச்சினை என்று சொல்லித் தீர்மானமாகவே வைக்கலாம். தனியாகப் போய்க் கேட்பதைவிடப் பத்துப் பேர் கையெழுத்து எடுபடும். அன்று மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். பசியோடு வெயிலில் நிற்கிற பிள்ளை அடுத்த வாரம் போகாது.

செலவு விஷயம் சுருக்கமாக. 2012 முதல் பள்ளிகள் வாங்கிவந்த விளையாட்டு உள்ளிட்ட கட்டணங்களை அரசாங்கம் நீக்கிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுப்பது நன்கொடை, கட்டாயமில்லை. பள்ளித் தொடக்க உதவியான 150 ரிங்கிட் 2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் வழங்கப்படுகிறது. அதில் ஒரு பங்கை நல்ல காலணிக்கு ஒதுக்குங்கள். தேய்ந்துபோன காலணியோடு ஈரத் திடலில் ஓடுவது ஆபத்து.

வெயிலும் புகைமூட்டமும் வந்தால் விதி தெளிவாகவே இருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். 200-ஐத் தாண்டினால் பள்ளியையே மூடுவார்கள்.

பிள்ளையின் புறப்பாடப் புள்ளி தவறாகப் பதிவாகியிருந்தால் எஸ்.பி.எம். முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டு இறுதியில் பி.ஏ.ஜே.எஸ்.கே. எனப்படும் உடற்பயிற்சி, விளையாட்டு, புறப்பாட மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி, சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவட்ட நிலைப் போட்டிச் சான்றிதழ் விடுபட்டிருந்தால் அதன் நகலோடு புறப்பாடத் துணை முதல்வரைப் பார்க்கலாம். அங்கே தீராவிட்டால் பள்ளி முதல்வர், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகம். எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.