ஃபெர்ஃப்ரெம்டுங்: பிரெக்டின் கலைச்சொல்லும் அதன் தமிழும்

நாடகத் துறையில் சேர்ந்து ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டைப் படிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் தடுமாறும் இடம் 'ஃபெர்ஃப்ரெம்டுங்ஸ்எஃபெக்ட்' என்ற சொல்; பழகியதைப் பழக்கமற்றதாகத் தோன்றச் செய்யும் அரங்க உத்தியை அது குறிக்கிறது. அந்நியமாதல், அந்நியப்படுத்தல், தொலைப்படுத்தல், பரிச்சயநீக்கம் என்று தமிழில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றை ஒன்றுக்கு ஒன்று ஈடாகப் பயன்படுத்துகிறோம். ஆயினும் இவை ஒரே பொருள் தருவன அல்ல; எந்தச் சொல்லை மனத்தில் கொண்டு ஒத்திகைக்குப் போகிறோமோ அதற்கேற்ப நடிப்பும் மாறிவிடுகிறது.

'ஃப்ரெம்ட்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு அயலான, வேற்றான, பழக்கமில்லாத என்று பொருள். 'ஃபெர்' என்ற முன்னொட்டுச் சேரும்போது, ஒன்றை அவ்வாறு ஆக்குதல் என்ற வினை பிறக்கிறது. இதே வேரில் வேறொரு முன்னொட்டுச் சேர்ந்து உருவான 'எண்ட்ஃப்ரெம்டுங்' என்பது தத்துவ அறிஞர்கள் ஹெகலும் மார்க்சும் கையாண்ட சொல். தொழிலாளி தன் உழைப்பிலிருந்தும், தான் உண்டாக்கிய பொருளிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிந்து நிற்கும் நிலையை 1844-இல் எழுதிய கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் இச்சொல்லால் குறித்தார். அது ஒழிக்கப்பட வேண்டிய நிலை. பிரெக்டின் சொல் குறிப்பதோ, அத்தகைய நிலைமைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதற்காகக் கலைஞன் அறிந்தே கையாளும் உத்தி. ஜெர்மனில் முன்னொட்டால் பிரிந்து நிற்கும் இவ்விரண்டையும் ஆங்கிலம் 'ஏலியனேஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. பிரெக்டின் கட்டுரைகளைத் தொகுத்து ஜான் வில்லெட் 1964-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அந்த வழக்கை உலகெங்கும் பரப்பியது. தமிழில் நாடகத்துக்கும் 'அந்நியமாதல்' என்று எழுதுவது அந்த ஆங்கிலச் சொல்லின் வழியே வந்த பழக்கம். தன்வினையாகிய அச்சொல்லை மார்க்சியப் பொருளுக்கே விட்டுவிடுவது முறை.

பிரெக்ட் இச்சொல்லைத் தன் கோட்பாட்டின் நடுவில் நிறுத்தியது, 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்த பிறகு எழுதிய கட்டுரையில். முழங்கால் உயரம்கூட எட்டாத ஒரு துடுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத படகை ஒரு மீனவப் பெண் ஓட்டுவதாக நடிக்கும் காட்சியை அவர் அதில் வியந்து விவரிக்கிறார். தனி ஒளியமைப்போ ஒப்பனையோ இல்லாமல், விருந்துக்கு அணியும் மேற்சட்டையோடு, சாதாரண அறையில் வல்லுநர்கள் சூழ மெய் லான்ஃபாங் தன் கலையின் கூறுகளைச் செய்துகாட்டியதையும் நினைவுகூர்கிறார். ரஷ்ய விமர்சகர் ஷ்க்ளோவ்ஸ்கி 1917-இல் முன்வைத்த 'ஆஸ்த்ரனேனியே' என்ற கருத்தும் மாஸ்கோ நண்பர்கள் வழியாகப் பிரெக்டை எட்டியிருக்கும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பழக்கத்தால் மரத்துப்போன புலனுணர்வை மீட்பது ஷ்க்ளோவ்ஸ்கியின் நோக்கம். 'பரிச்சயநீக்கம்' அவருடைய சொல்லுக்கு நன்கு பொருந்துகிறது.

பிரெக்ட் அதற்கும் மேலே போகிறார். ஒன்றை இன்னதென்று அடையாளம் காணவும் விட்டு, அதே வேளையில் அதைப் பழக்கமற்றதாகவும் தோன்றச் செய்யும் சித்தரிப்பே ஃபெர்ஃப்ரெம்டுங் என்பது 1948-இல் எழுதிய 'சிறு ஆர்கனம்' நூலில் அவர் தரும் வரையறை. முகமூடியும் இசையும் கொண்ட பழைய அரங்குகளிலும் இந்த உத்தி உண்டு என்பதை ஏற்கும் அவர், அங்கே அது காட்டப்படுவதை மனிதரால் மாற்ற முடியாததாக ஆக்கியது என்றும், புதிய அரங்கு அதை மாற்றக்கூடியதாகக் காட்ட வேண்டும் என்றும் பிரிக்கிறார். நம் தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடுவதைக் கண்டதும் 'இதுதான் பிரெக்ட்' என்று சொல்லிவிடுபவர்கள் இந்தப் பிரிவினையை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒத்திகையில் வசனத்தைப் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் சொல்லிப் பார்க்கும்படி பிரெக்டும் நடிகர்களுக்குச் சொன்னார். ஆனால் கூத்தில் படர்க்கை என்பது ஊரார் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மரபு; அது எதையும் அவர்களுக்குப் பழக்கமற்றதாக ஆக்குவதில்லை.

இந்த உத்தி நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, போரில் படைகளுக்குச் சரக்கு விற்றுப் பிழைக்கும் ஒரு தாயைப் பற்றிய பிரெக்டின் 'கரேஜ் அன்னை' நாடகமே தெளிவான சான்று. 1941-இல் சூரிச்சில் அது மேடையேறியபோது, பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஒரு தாயின் துயரக் காவியமாகவே அதை விமர்சகர்கள் கண்டனர். 1949-இல் பெர்லினில் அரங்கேற்றும்போது பிரெக்ட் சில இடங்களைத் திருத்தினார். முதற்காட்சியில், சார்ஜண்டிடம் ஓர் இடுப்புவார்க் கொக்கியை விற்பதில் அவள் முனைந்திருக்கும் நேரத்தில்தான் மூத்த மகனைப் படைக்கு ஆள்பிடிப்பவன் அழைத்துப் போகிறான். அவள் தாய் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் தாய்மையும் வியாபாரமும் ஒரே உடலில் எப்படி இருக்கின்றன என்ற கேள்வி அந்தக் கொக்கியோடு சேர்ந்து எழுகிறது. ஹெலன வைகல் அன்னையாக நடித்த அந்த பெர்லின் மேடையேற்றத்திலும் மக்கள் அழுதார்கள். உணர்ச்சியே எழக்கூடாது என்பது பிரெக்டின் விதி என்று மனப்பாடம் செய்பவர்கள், மகன் சுடப்படும் ஓசை கேட்டதும் வைகல் வாய்பிளந்து எழுப்பிய ஒலியில்லாக் கதறலின் படத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

தமிழ்ச் சொல்லைத் தேரும்போது 'எதை?' என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. 'அந்நியப்படுத்தல்' பிறவினையாக இருப்பதால் இலக்கணத்தில் சரியே. ஆனால் மக்களை அந்நியப்படுத்துகிறார்கள் என்று நாள்தோறும் எழுதிப் பழகிய நமக்கு, அதன் செயப்படுபொருளாகப் பார்வையாளரே வந்து நிற்கிறார். பிரெஞ்சு வழக்கான 'திஸ்தான்சியாசியோன்' என்பதற்கு நெருங்கிய 'தொலைப்படுத்தல்' என்பதிலும் தள்ளிவைக்கப்படுபவர் பார்வையாளரே. மாணவர் மேடையில் பிரெக்ட் என்றாலே விறைத்த முகமும் ஏற்ற இறக்கமில்லாத குரலும் வந்துவிடுவதில் இச்சொற்களுக்குப் பங்குண்டு என்பது என் துணிபு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே' என்கிறது. பழகியது புதுமையாகத் தோன்றும்போது எழும் வியப்பைத்தான் பிரெக்டும் நாடினார் என்பதால், வியப்பைக் குறிக்கும் 'மருட்கை' என்ற சொல்லை ஆளலாமோ என்று தோன்றும். ஆனால் 'மதிமை சாலா' என்ற அடை அறிவு தெளியாத வியப்பைக் குறிப்பது. பிரெக்டுக்கு வேண்டியது அறிவைத் தூண்டும் வியப்பு. ஆகவே அதுவும் பொருந்தாது.

வேற்றூர், வேற்றாள், வேற்றுமுகம் என்பவற்றில் உள்ள 'வேற்று' ஃப்ரெம்ட் என்பதற்கு நேரானது. எனவே 'வேற்றாக்கிக் காட்டல்' என்றும், சுருக்கமாக 'வேற்றாக்கம்' என்றும் ஆளலாம் என்பது என் பரிந்துரை. நடிப்பதோடு, நடித்துக் காட்டுகிறோம் என்பதையும் மறைக்காத நடிகரையே பிரெக்ட் கேட்டார் என்பதால் 'காட்டல்' அதில் இருப்பது பொருத்தம். ஒத்திகையிலும் இச்சொல் உதவும்: கொக்கிக் காட்சியில் எதை வேற்றாக்கிக் காட்டுகிறோம் என்று இயக்குநர் கேட்டால், பேரத்தை என்று நடிகர் விடை சொல்லிவிட்டு, கொக்கியைக் கையில் எடுக்கும் விதத்தை யோசிக்கத் தொடங்கலாம்.