வில்லுக்குப் பிறந்த மெட்டு மாண்டலினுக்கு வருவது எப்படி?

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில், குறிப்பாக வடக்கு கரோலைனா, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா பக்கம், ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடுவதற்காகப் பிடிலில் வாசித்த மெட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிடில் என்றால் வேறொன்றுமில்லை, வயலின்தான். கூட ஒரு பாஞ்சோ, ஒரு கிதார். இதை 'ஓல்டு டைம்' இசை என்கிறார்கள். இன்று இந்த மெட்டுகளைப் பிடிலில் மட்டுமல்ல, மாண்டலினிலும் அதன் குடும்பக் கருவிகளிலும் ஏராளமானோர் வாசிக்கிறார்கள். வில்லால் இழுப்பதற்காக உருவான மெட்டு பிக் என்ற சிறு தகட்டால் மீட்டும் கருவிக்கு வரும்போது இடது கைக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. மொத்த வேலையும் வலது கைக்குத்தான். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: இடது கையையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

முதலில் இடது கை. பிடிலின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ். மாண்டலினும் இதே நான்குதான்; ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தியாக இருக்கும், ஆக மொத்தம் எட்டு. நம் சங்கீதக் கணக்கில், எந்தத் தந்தியை ஸட்ஜமாக எடுத்தாலும் அதற்கு அடுத்த மேல் தந்தி பஞ்சமம். இதில் ஓர் அழகான விளைவு இருக்கிறது. டி தந்தியைத் திறந்து (விரல் வைக்காமல்) மீட்டி, அதே தந்தியில் 2, 4, 5ஆம் ஃப்ரெட்களை (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்) அழுத்தினால் ஸ ரி க ம. அப்புறம் ஏ தந்திக்குத் தாவி, திறந்து மீட்டி, மறுபடி 2, 4, 5. ப த நி ஸ வந்துவிட்டது. சங்கராபரணத்தின் இரண்டு பாதிகளும் ஒரே விரல் அமைப்பு. கிதாரில் இந்த வசதி கிடையாது. பிடில்காரரின் விரல் எங்கே விழுகிறதோ, கிட்டத்தட்ட அங்கேயே மாண்டலின்காரரின் விரலும் விழுகிறது.

ஆனால் மலைப்பகுதிப் பிடில்காரர்கள் எப்போதும் இந்தச் சுருதியில் வாசிப்பதில்லை. 'ஏ' ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளுக்கு, கீழ் இரண்டு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைத்துக்கொள்வார்கள். நம்முடைய கர்நாடக வயலினின் ஸ-ப-ஸ-ப அமைப்பேதான் இது. இரண்டு மரபுகளும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்ததற்கு இயற்பியல் காரணம் உண்டு. கீழ் 'ஏ' 220 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாவது மேல்சுரம், அதாவது அதன் மூன்று மடங்கு அதிர்வு, 660. அடுத்த 'ஈ'யின் இரண்டாவது மேல்சுரமும் சுமார் 660. மேல் 'ஈ'யின் அடிப்படைச் சுரமே அதுதான். ஒரு தந்தியைத் தொட்டால் மற்றவை தாமாகவே சேர்ந்து அதிரும். கருவி முழுவதும் ஒலிக்கும். அதனால்தான் ஒற்றைப் பிடில் ஒரு கூடத்தையே நிரப்பியது. மாண்டலினில் இரட்டை இரட்டையாகத் தந்திகளை மாற்றிச் சுருதி சேர்ப்பது தொல்லை என்பதால், பலர் பழைய சுருதியிலேயே இருந்துகொண்டு பக்கத்துத் தந்தியையும் சேர்த்து மீட்டி அந்த நிறைவைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். முழுதாக வராது, ஆனால் ஓரளவு வரும்.

சரி, வலது கைக்கு வருவோம்.

வில்லில் ரோசின் என்ற பிசின் பூசியிருக்கும். அது தந்தியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இழுத்துச் செல்கிறது. இழுவிசை தாங்காமல் தந்தி வழுக்கித் திரும்புகிறது. வில் மறுபடி பிடிக்கிறது. 'ஏ' தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. இந்த அசைவை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து விளக்கினார். வில் நகரும் வரை தந்திக்கு ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது. மாண்டலினில் அப்படியில்லை. பிக் ஒரு முறை இழுத்து விடுகிறது. கிடைத்த ஆற்றல் அவ்வளவுதான். அந்தக் கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்குகிறது. மாண்டலினின் தந்தி நீளமும் குறைவு, ஏறத்தாழ 35 சென்டிமீட்டர்.

அப்படியானால் இந்த மெட்டுகள் மாண்டலினில் எடுபடக் கூடாதே? எடுபடுவதற்குக் காரணம் வேகம். நடன மெட்டு நிமிடத்துக்குச் சுமார் 115 அடி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 130 மில்லிநொடிதான். ஒலி தேய்வது காதுக்குத் தெரிவதற்கு முன்பே அடுத்த ஸ்வரம் வந்துவிடும். ஓட்டமான இடங்களில் மாண்டலினுக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் நீண்ட ஸ்வரங்களில்தான்.

இங்கே ஓர் அடியை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். பிடிலில் மிகப் பரவலான வில் அசைவு ஒன்று உண்டு: ஒரு நீளம், இரண்டு குட்டை. ஓர் அடியை நான்கு பங்காகப் பிரித்தால், நீளமானது முதல் இரண்டு பங்கையும் எடுத்துக்கொள்ளும். குட்டைகள் மூன்றாவதிலும் நான்காவதிலும் விழும். 'தாஆ-தக, தாஆ-தக' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ஓர் அடிக்கு மூன்று வில். மூன்று ஒற்றைப்படை எண் என்பதால், முதல் அடி கீழ்வில்லில் தொடங்கினால் அடுத்த அடி மேல்வில்லில் தொடங்கும். திசை அடிக்கு அடி மாறும். அதோடு அழுத்தமும் மாறும். பிடிலின் அந்தத் தாலாட்டும் நடை இப்படித்தான் பிறக்கிறது.

மாண்டலினில் இதையே அப்படியே செய்தால் கை குழம்பிவிடும். அங்கே நடைமுறை வேறு: கை கீழ்-மேல்-கீழ்-மேல் என்று நான்கு பங்குக்கும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பங்கில் கீழே வரும்போது தந்தியைத் தொடும். இரண்டாவது பங்கில் மேலே போகும்போது தொடாமல் காற்றில் போகும். மூன்றாவதில் கீழ், நான்காவதில் மேல், இரண்டும் தொடும். ஒலிக்காத அந்த ஒரு வீச்சுதான் முக்கியம். அதை விட்டுவிட்டுக் கையை நிறுத்தினால் காலம் நழுவும். வில்லின் திசை மாற்றத்தால் பிடிலுக்குத் தானாகக் கிடைக்கும் அழுத்த வேறுபாட்டை, மாண்டலின்காரர் மூன்றாவது பங்கின் கீழ்வீச்சைச் சற்றுக் கனமாகப் போட்டு வரவழைக்க வேண்டும். ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் "என்னவோ பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கிறதே" என்று தோன்றினால், பெரும்பாலும் குறை இந்த இடத்தில்தான் இருக்கும்.

நீண்ட ஸ்வரத்தை ட்ரெமலோ போட்டு, அதாவது அதே ஸ்வரத்தை விடாமல் படபடவென்று மீட்டி, நிரப்பலாமே என்று கேட்கலாம். இத்தாலியப் பாணிக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த மாண்டலின் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கும் அது பொருந்தும். நடன மெட்டில் அது தாளத்தை மூடிவிடுகிறது. என் காதுக்குப் பக்கத்துத் திறந்த தந்தியைச் சேர்த்து மீட்டுவதே இதமாக இருக்கிறது.

இடது கைக்கு ஒரே ஒரு பெரிய இழப்பு உண்டு. மாண்டலினுக்கு ஃப்ரெட் உண்டு, பிடிலுக்குக் கிடையாது. ஸ்தாயியைச் சமமான 12 பங்காக ஃப்ரெட் வெட்டுகிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு கூடும். பழைய பிடில்காரர்கள் பலர் காந்தாரத்தைச் சாதாரணத்துக்கும் (கீழ்க் காந்தாரம்) அந்தரத்துக்கும் (மேல் காந்தாரம்) நடுவே எங்கேயோ வைப்பார்கள். அந்த இடத்தில் மாண்டலினில் ஃப்ரெட் கிடையாது. கீழ்க் காந்தாரத்தில் அழுத்தி மீட்டி, உடனே மேல் காந்தாரத்துக்கு விரலை வழுக்குவது ஒரு வழி. காந்தாரத்தையே தவிர்த்து ஸ-ப மட்டும் ஒலிக்கவிடுவது இன்னொரு வழி. கமகத்துக்காக இதே மதிலை எதிர்கொண்டவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். இரட்டைத் தந்தியை விட்டு ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்குப் போனதும், தேய்கிற ஒலியை மின்பெருக்கி தாங்கிக்கொண்டது. விரல் வழுக்கவும் வளைக்கவும் இடம் கிடைத்தது.

இனி கற்கும் முறை. ஓல்டு டைம் மெட்டுகள் பெரும்பாலும் காதால்தான் கைமாறுகின்றன. கேட்பதற்கு மலைப்பாக இருக்கும், ஆனால் மெட்டின் அமைப்பே நினைவாற்றலுக்கு ஏற்றபடி இருக்கிறது. வழக்கமான மெட்டுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு அளவை; ஓர் அளவைக்கு இரண்டு அடி. ஒவ்வொன்றும் இரண்டு முறை. மொத்தம் 32 அளவை, 64 அடி. நாம் முன்பு சொன்ன வேகத்தில் சுமார் 33 நொடி. அடிக்கு நான்கு பங்கு என்றால் 256 பங்கு! ஆனால் மனம் அதை 256 ஆகவா வைத்துக்கொள்ளும்? திரும்பி வருவதைக் கழித்தால் 128. ஒரு பகுதியை இரண்டிரண்டு அளவையாகப் பிரித்தால், முதல் துண்டும் மூன்றாம் துண்டும் அடிக்கடி ஒன்றாகவே இருக்கும். முதல் பகுதியின் முடிப்பும் இரண்டாம் பகுதியின் முடிப்பும் பல மெட்டுகளில் ஒன்றே. கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஐந்தாறு துண்டுகள். தற்காலிக நினைவு ஏழெட்டுத் துண்டுகளைத் தாங்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். எப்படிப் பார்த்தாலும் மெட்டு அந்த எல்லையை ஒட்டியே அமைந்திருக்கிறது. எழுதி வைக்காமல் தலைமுறை தாண்டியவை இப்படித்தான் இருக்க முடியும்.

ஆகவே கேட்கும்போது முதல் ஸ்வரத்திலிருந்து வரிசையாகப் பிடிக்க முயல வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஒரு மெட்டு பத்துச் சுற்றுக்கு மேல்கூட ஓடும். அது ஐந்தாறு நிமிடம். முதல் சுற்றுகளில் எந்த ஸ்வரம் ஆதாரம், பகுதி எங்கே திரும்புகிறது என்பதைப் பிடியுங்கள். அடுத்து ஒவ்வொரு துண்டும் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் அடி விழும் இடத்து ஸ்வரங்கள். நடுவில் உள்ளவை கடைசியில்தான். பிடில்காரரும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நடு ஸ்வரங்களைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார். அவற்றை முதலில் துரத்தினால் பிடிபடாது.

பழைய பதிவுகளிலிருந்து கற்றவர்களுக்கு ஓர் உத்தி இருந்தது. நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் பதிந்த டேப்பை 3¾இல் ஓட்டினால் வேகம் பாதி, சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் இசைத்தட்டை 16⅔இல் ஓட்டினாலும் இதேதான். பிடில் அப்போது எங்கே ஒலிக்கும்? ஆக்டேவ் மாண்டலின் இருக்கும் இடத்தில்! பெயருக்கேற்ப அது மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. இன்றைய மென்பொருள்கள் சுருதியை மாற்றாமலே வேகத்தைக் குறைக்கின்றன. ஒலியைச் சில பத்து மில்லிநொடித் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள அதிர்வெண்களைக் கணக்கிட்டு, இடைவெளி விட்டு மறுபடி அடுக்குகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1966இல் வெளியான ஃபேஸ் வோகோடர் என்ற முறை இந்த வழியின் மூதாதை. விலை ஒன்று உண்டு: ஸ்வரத்தின் கூர்மையான தொடக்கம் மழுங்கும். வில் திரும்பும் இடம் அதுதானே? எனவே மிகவும் மெதுவாக்கினால் ஸ்வரம் தெளியும், வில் மறையும். முக்கால் வேகம் போதும்.

குடும்பத்தின் மற்றக் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். மாண்டோலா மாண்டலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே: சி, ஜி, டி, ஏ. மாண்டோசெல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. எல்லாவற்றிலும் பக்கத்துத் தந்திகளின் உறவு ஒன்றே, ஆகவே விரல் அமைப்பும் ஒன்றே, நீளம்தான் வேறு. முதல் ஃப்ரெட்டின் இடைவெளி தந்தி நீளத்தில் சுமார் 17.8இல் ஒரு பங்கு. 35 சென்டிமீட்டர் மாண்டலினில் அது 2 சென்டிமீட்டர். 56 சென்டிமீட்டர் ஆக்டேவ் மாண்டலினில் 3க்கும் மேல். ஒரு விரலுக்கு இரண்டு ஃப்ரெட் என்ற சௌகரியம் அங்கே போய்விடும், சுண்டுவிரல் உழைக்க வேண்டும். வேகமான இடங்களை விட்டுவிட்டு அடி ஸ்வரங்களை மட்டும் வாசித்தால் போதும், பிடிலுக்குக் கீழே அற்புதமான தளம் கிடைக்கும்.

மெட்டுகளைப் பகிர்வது எப்படி என்பதற்குப் பிடில்காரர் ஹென்றி ரீட் நல்ல உதாரணம். 1884இல் பிறந்த இவர் வர்ஜீனியாவின் கிளென் லின் ஊரில் வாழ்ந்தார். 1966, 67இல் ஆலன் ஜபூர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்தார். ஜபூரின் ஹாலோ ராக் ஸ்ட்ரிங் பேண்டில் மாண்டலின் வாசித்தவர் பெர்ட்ரம் லெவி. ரீடின் மெட்டுகள் அந்தக் குழு வழியாக நாடெங்கும் பரவின. அந்தப் பதிவுகள் இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, யாரும் கேட்கலாம். மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் பழக்கம் இந்த இசையில் வலுவாக இருக்கிறது. ஒரே மெட்டின் வேறு வேறு வடிவங்கள் எந்த ஊரில் எப்படிப் பிரிந்தன என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிவதே இதனால்தான்.

நேரில் வாசிக்கும்போது வட்டம் நெருக்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்று மீட்டருக்கு 9 மில்லிநொடி. தாமதம் 25 மில்லிநொடியைத் தாண்டினால், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, தாளம் இழுபட ஆரம்பிக்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் இதைவிடப் பல மடங்கு. எனவே தூரத்தில் இருப்பவர்களுக்குப் பதிவு செய்து அனுப்புவதே வழி. அனுப்புகிறவர் அலங்காரம் இல்லாமல் இரண்டு சுற்று மெதுவாகவும், பிறகு நடன வேகத்திலும் வாசித்து, யாரிடம் கற்றேன் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது. வீடியோவாக எடுத்தால் கேமராவை வலது கைப் பக்கம் வையுங்கள். ஸ்வரங்களைக் காது பிடித்துக்கொள்ளும். தந்தியைத் தொடாமல் காற்றில் போகும் அந்த வீச்சைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.